பழைய பேஸ் கிட்டாரின் இரைச்சலைத் தேடிப் பிடித்தல்

இலங்கை மலைநாட்டு நகரமான ஹட்டனில், பழுதுபார்ப்பதற்காக என் மேசைக்கு வரும் பேஸ் கிட்டார்களில் புதியவை மிகக் குறைவு. கொழும்பிலோ கண்டியிலோ யாரோ ஒருவர் பல ஆண்டுகள் வாசித்து, பிறகு இன்னொருவர் கைக்கு மாறி, கடைசியில் ஒரு தேவாலயப் பாடகர் குழுவோ தோட்டத்து இளைஞர்களின் இசைக்குழுவோ சேர்த்துவைத்த பணத்தில் வாங்கிவந்தவையே அதிகம். வாங்கியவர்கள் சொல்லும் குறையும் பெரும்பாலும் ஒன்றுதான்: நாதம் நன்றாக இருக்கிறது, ஆனால் அதன் பின்னால் ஓர் இரைச்சல் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை நீக்குவதற்குப் பலர் முதலில் செய்வது, பின்மூடியைக் கழற்றி உள்ளே தெரியும் வயர்களை ஆட்டிப் பார்ப்பது. நான் அதைக் கடைசியில் செய்யச் சொல்வேன். இரைச்சல் எங்கே பிறக்கிறது என்பதை மூடியைத் திறக்காமலேயே, காதையும் கையையும் கொண்டு, பத்து நிமிடத்தில் பெருமளவு கண்டுபிடித்துவிடலாம். கண்டுபிடிக்காமல் திறந்தால் நன்றாக இருந்த இணைப்பையும் அசைத்துக் கெடுத்து, ஒரு பழுதை இரண்டாக்கிக்கொள்வோம்.

தேவையான பொருட்கள் அதிகம் இல்லை. நல்லது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு கேபிள், சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று, சிறிய ஸ்குரூ டிரைவர்கள், 40 வாட் சொல்டரிங் அயன், ரோசின் கலந்த ஈயம், மின் இணைப்புகளைத் துப்புரவாக்கும் ஸ்பிரே ஆகியவை போதும். மலைநாட்டு நகரங்களில் கிடைக்காத உதிரிப்பாகங்களுக்குக் கொழும்பு புறக்கோட்டையின் முதலாம் குறுக்குத்தெருவுக்குத்தான் போகவேண்டியிருக்கும். ஆகவே எது தேவை என்பதை முன்கூட்டியே அறிந்து, பட்டியலோடு போவது நல்லது.

தந்தியைத் தொடுமுன்

பேஸ் கிட்டாரின் தந்திகள் பிரிட்ஜ் (தந்திகளின் அடிமுனையைத் தாங்கும் உலோகத் தட்டு), ஜாக் (கேபிளைச் செருகும் துளை), கேபிளின் வெளிப்பின்னல் ஆகியவற்றின் வழியாக அம்ப்ளிஃபயரின் உலோக உடலோடும், அங்கிருந்து சுவர்ச் சொக்கெட்டின் எர்த் வயரோடும் இணைந்திருக்கின்றன. எர்த் சரியாக இருந்தால் இந்தத் தொடர்பு இரைச்சலைக் குறைக்கிறது. எர்த் இல்லாமல், அம்ப்ளிஃபயரின் உள்ளேயும் ஒரு கசிவு இருக்குமானால், இதே தொடர்பு 230 வோல்ட் மின்சாரத்தை வாசிப்பவரின் விரல் வரைக்கும் கொண்டுவந்துவிடும். தோட்டத் தொழிலாளர்களின் பழைய லயன் வரிசை வீடுகளிலும் சில பொது மண்டபங்களிலும், எர்த் வயர் போடப்படாத சொக்கெட்டுகளையும், வட்டக்கால் பிளக்கைச் சதுரக்கால் சொக்கெட்டில் பொருத்துவதற்காக ஒன்றின்மேல் ஒன்றாகச் செருகிய அடாப்டர்களையும் நான் கண்டிருக்கிறேன். எர்த் துவாரத்தைக் குச்சியாலோ பேனையாலோ அமுக்கித் திறந்து, இரண்டு கால் பிளக்கைத் திணிப்பதும் நடக்கிறது. கைத்தொலைபேசி சார்ஜருக்கே அது நல்ல பழக்கமல்ல. உலோகத் தந்திகளைக் கையில் பிடிக்கப் போகிறவருக்கு அது உயிர் ஆபத்து.

ஆகவே முதல் சோதனை இதுதான். அம்ப்ளிஃபயரையும் மைக் இணைந்த மிக்சரையும் இயக்கி, யாரும் தந்தியைத் தொடாமல், மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டின் உயர்ந்த அளவில் வைத்து, ஒரு முனையைப் பிரிட்ஜிலும் மறு முனையை மைக்கின் கம்பி வலையிலும் வையுங்கள். எண் பூச்சியத்தை ஒட்டி நின்றால் தொடரலாம். இரண்டில் ஒரு கருவிக்கு எர்த் இல்லையென்றால், 230இன் பாதியளவு, அதாவது 100 வோல்ட்டைத் தாண்டிய எண்கூடத் தெரியக்கூடும். அப்படித் தெரிந்தால் அன்றைக்கு வாசிப்பை நிறுத்திவிட்டு ஒரு மின்னியலாளரை அழையுங்கள். தந்தியில் விரல் வைக்கும்போது மெல்லிய நடுக்கம் தெரிந்தாலும் அதேதான். வீட்டில் 30 மில்லி அம்பியருக்குத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா என்பதையும் அவரிடமே பார்க்கச் சொல்லுங்கள். அம்ப்ளிஃபயரின் பெட்டியை மட்டும் நீங்களாகத் திறக்கவேண்டாம், ஏனென்றால் பிளக்கைக் கழற்றிய பின்பும் அதன் உள்ளே உள்ள பெரிய கப்பாசிட்டர்கள் மின்னூட்டத்தைத் தேக்கி வைத்திருக்கும்.

இரைச்சலுக்கும் குணம் உண்டு

‘இரைச்சல்’ என்று ஒரே சொல்லால் சொல்கிறோமே தவிர, அதில் குறைந்தது நான்கு வகை இருக்கிறது. தாழ்ந்த ஸ்தாயியில் ‘ம்ம்ம்’ என்று உறுமுவது ஒன்று, தேனீ அடைத்த போத்தல்போல ‘கிர்ர்’ என்று அரிப்பது இன்னொன்று. ‘உஸ்’ என்ற சீறல் மூன்றாவது, குமிழைத் திருப்பும்போதோ கேபிள் அசையும்போதோ வரும் கரகரப்பு நான்காவது. முதல் இரண்டும் மின்சார லைனோடு தொடர்புடையவை. நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முழுச் சுற்றுகள் அலைவதால் உறுமல் 50 ஹெர்ட்ஸிலும், அதன் மடங்குகளான 100, 150 ஆகியவற்றிலும் கேட்கும்.

இதை உறுதிசெய்வதற்குப் பேஸ் கிட்டாரே ஒரு நல்ல அளவுகோல். சுதி சரியாகச் சேர்த்த ஜி தந்தியைத் திறந்து மீட்டினால் அதன் ஒலி 98 ஹெர்ட்ஸ். பின்னணி இரைச்சலும் அதே ஸ்வரத்தை ஒட்டி, ஆனால் ஒரு மயிரிழை மேலே நின்று, இரண்டும் சேரும்போது விநாடிக்கு இரண்டு முறை அலையடிப்பதுபோல் ஏறி இறங்கினால், அது 100 ஹெர்ட்ஸ். மின்சார லைனிலிருந்து வருவது என்பதில் பிறகு ஐயம் வேண்டியதில்லை. ஈ தந்தியின் மூன்றாவது கட்டையில் (ஃப்ரெட்டில்) உள்ள 49 ஹெர்ட்ஸ் ஜியை வைத்து 50 ஹெர்ட்ஸ் உறுமலையும் இவ்வாறே பிடிக்கலாம். அங்கே அலை விநாடிக்கு ஒன்று.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடவேண்டும். தகரக் கூரை போட்ட அறையில் சில தாழ்ந்த ஸ்வரங்களை வாசிக்கும்போது கூரைத் தகடோ யன்னல் கண்ணாடியோ சேர்ந்து அதிர்வதை மின் இரைச்சல் என்று எண்ணிக் கருவியைக் கொண்டுவந்தவர்கள் உண்டு. ஹெட்போன் போட்டுக் கேட்டால் அந்தக் குழப்பம் தீரும். தந்தி கட்டையில் உரசும் ஓசையும் அப்படித்தான். கேபிளைக் கழற்றிவிட்டு வெறும் கருவியை மீட்டும்போதும் அது கேட்டால் வயர்களில் தேடிப் பயனில்லை.

எங்கே என்பதைச் சுருக்கிக்கொண்டு வருதல்

அம்ப்ளிஃபயரில் எதையும் செருகாமல் ஒலியளவைக் கூட்டுங்கள். இரைச்சல் அப்போதே இருந்தால் பேஸ் கிட்டாருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அமைதியாக இருந்தால், கேபிளையும் கருவியையும் இணைத்து, கருவியின் வொலியூம் குமிழை முற்றாகக் குறையுங்கள். மின்கலம் இல்லாத பாஸிவ் வகைக் கருவிகளில், குமிழ் பூச்சியத்தில் இருக்கும்போது, தந்தியின் அதிர்வைக் காந்தத்தாலும் கம்பிச் சுருளாலும் மின்சாரமாக மாற்றும் பிக்கப்பின் சிக்னல் நேராக எர்த்துக்குப் போய்விடும். எனவே அப்போது இரைச்சல் நின்றால் அது பிக்கப்பிலோ உள் வயர்களிலோ பிறக்கிறது. நிற்காமல் பெரிதாகவே ஓடினால் கேபிளையும் ஜாக்கையும் சந்தேகிக்கவேண்டும். கேபிளின் இரு முனைகளையும் மெல்ல வளைத்துப் பாருங்கள். ஸ்பீக்கருக்கு உரிய, பின்னல் இல்லாத இரட்டை வயரில் பிளக் பொருத்தி, அதைக் கிட்டார் கேபிள் என்று கொடுத்துவிடுவதும் உண்டு. அத்தகைய கேபிள் எவ்வளவு புதிதாக இருந்தாலும் உறுமவே செய்யும். பிளக்கின் உறையைத் திருகிப் பார்த்தால், நடுவயரைச் சுற்றிச் செப்புப் பின்னல் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

இனி வருவதே இந்தத் தேடலின் மையம். வொலியூமைக் கூட்டி வைத்துக்கொண்டு, முதலில் தந்திகளைத் தொடுங்கள். பிறகு கையை எடுத்துவிட்டு, கருவியை மடியில் வைத்தபடி நாற்காலியோடு மெதுவாக ஒரு முழு வட்டம் சுற்றுங்கள். இந்த இரண்டு அசைவுகளும் இரண்டு வெவ்வேறு உண்மைகளைச் சொல்கின்றன.

தொட்டதும் இரைச்சல் பெருமளவு குறைந்தால், அது சுவரிலும் விளக்கிலும் ஓடும் மின்சாரத்தின் மின்புலம் உங்கள் உடல் வழியாகக் கருவிக்குள் வருவதால் எழுவது. மனித உடல் ஒரு ஏரியல்போல அதை வாங்குகிறது. தந்தியைத் தொட்டவுடன் உடலும் எர்த்தோடு சேர்ந்து, ஏரியலாக இருந்ததே மறைப்பாக மாறிவிடுகிறது. இங்கே பிரிட்ஜின் எர்த் வயர் நன்றாக வேலை செய்கிறது. குறை கருவியின் உட்குழியில் போதிய மறைப்பு, அதாவது மின்புலத்தைத் தடுக்கும் உலோகப் போர்வை, இல்லாததே. தந்தியைத் தொட்டால் மாற்றமே இல்லாமல், ஜாக்கின் உலோகத் தட்டையோ உலோகக் குமிழையோ தொட்டால் மட்டும் குறைந்தால், பிரிட்ஜுக்குப் போகும் வயர் அறுந்திருக்கிறது. தொட்டதும் இரைச்சல் கூடினால், ஜாக்கில் சிக்னல் வயரும் எர்த் வயரும் இடம் மாறிப் பற்றவைக்கப்பட்டிருக்கின்றன, அல்லது அம்ப்ளிஃபயருக்கே எர்த் இல்லை. இரண்டாவதாக இருந்தால் மேலே சொன்ன மீட்டர் சோதனைக்குத் திரும்புங்கள்.

சுற்றும்போது சில திசைகளில் உறுமல் ஓங்கி, வேறு சில திசைகளில் ஏறக்குறைய அடங்கிப்போனால் அது காந்தப்புலம். அருகில் உள்ள டிரான்ஸ்ஃபோமரோ, குழல்விளக்கின் சோக்கோ, அம்ப்ளிஃபயரின் சொந்த டிரான்ஸ்ஃபோமரோ பிக்கப்பின் கம்பிச் சுருளில் நேரடியாக மின்சாரத்தைத் தூண்டுகிறது. தொடுவதால் இது குறையாது. செப்புத் தாள் ஒட்டுவதாலும் குறையாது. இந்த வேறுபாடு தெரியாமல் கருவி முழுவதும் செப்பு டேப் ஒட்டிவிட்டு, ‘இன்னும் உறுமுகிறதே’ என்று மனம் சோர்ந்து வந்தவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கும். அவர்கள் வேலையில் குறை இல்லை. நோய் வேறு, மருந்து வேறு.

பிரிட்ஜுக்கு அடியில் ஒரு கறுத்த வயர்

சென்ற தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு பேஸ் கிட்டார் வந்தது. வட்டவளை, கினிகத்தேனை, ஹட்டன் என்று மேற்குச் சரிவு முழுவதும் மே மாதத்திலிருந்து நனைந்துகிடக்கும் காலம் அது. தந்தியைத் தொட்டால் மாற்றமில்லை, ஜாக்கைத் தொட்டால் அமைதி. மீட்டரை ஓம் அளவில் வைத்து, கேபிளைச் செருகி, மறு முனைப் பிளக்கின் தண்டுப் பகுதிக்கும் பிரிட்ஜுக்கும் இடையே அளந்தேன். ஒரு ஓமுக்கும் குறைவாக இருக்கவேண்டிய இடத்தில் மீட்டர் எந்த எண்ணையும் காட்டவில்லை.

தந்திகளைத் தளர்த்தி, ஐந்து ஸ்குரூக்களையும் கழற்றிப் பிரிட்ஜைத் தூக்கினேன். அதன் அடியில், மரத்தில் உள்ள சிறு துளையிலிருந்து வெளியே வந்த வயரின் அம்மண நுனி, தட்டின் பாரத்தில் நசுங்கி, விசிறிபோல விரிந்து கிடந்தது. செம்பு கறுத்து, ஓரங்களில் பச்சை பூத்திருந்தது. அதற்கு மேலே தட்டின் அடிப்பக்கத்தில் கறுப்புப் பெயின்ட் இருந்தது. முன்னர் வைத்திருந்த யாரோ பிரிட்ஜுக்கு அழகாக நிறம் பூசி, அடிப்பக்கத்தையும் சேர்த்துப் பூசிவிட்டார். வயர் தட்டைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தது, ஆனால் இரண்டுக்கும் இடையே பெயின்ட்டும் களிம்பும் மறித்திருந்தன. வயர் தொடும் இடத்தில் ஒரு ரூபாய்க் குற்றியளவு பெயின்ட்டை உப்புத்தாளால் சுரண்டி, வயரின் நுனியை வெட்டிப் புதிதாக உரித்து, ஈயம் பூசித் தட்டையாக்கி வைத்து மூடினேன். மீட்டர் 0.3 ஓம் காட்டியது. பிக்கப்பையோ குமிழ்களையோ தொடவேண்டிய தேவையே வரவில்லை.

பிக்கப்பின் வகை

ஃபெண்டர் நிறுவனத்தின் பிரிசிஷன் பேஸ் 1951இல் வந்தபோது அதில் ஒரே சுருள் கொண்ட பிக்கப்தான் இருந்தது. 1957இல் அது இரண்டு பாதிகளாகப் பிரிக்கப்பட்டது. ஈ, ஏ தந்திகளுக்கு ஒரு பாதி, டி, ஜி தந்திகளுக்கு இன்னொரு பாதி. இரண்டிலும் கம்பி எதிரெதிர்த் திசையிலும் காந்தம் எதிரெதிர் முனையிலும் இருப்பதால், வெளியிலிருந்து வரும் உறுமல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, தந்தியின் நாதம் மட்டும் எஞ்சுகிறது. இன்று எந்தப் பெயரில் வந்தாலும் இந்த அமைப்பில் உள்ள கருவி காந்த உறுமலுக்குப் பெரிதாக மசியாது. அப்படிப்பட்ட கருவி திடீரென்று உறுமத் தொடங்கி, இரண்டு தந்திகள் மட்டும் மெலிந்து கேட்டால், ஒரு பாதிச் சுருள் குறுக்கிணைப்பு ஆகியிருக்கிறது என்று கொள்ளலாம்.

1960இல் வந்த ஜாஸ் பேஸ் அமைப்பில் இரண்டு தனிச்சுருள் பிக்கப்கள் உண்டு. இப்போது செய்யப்படுபவற்றில் அந்த இரண்டும் எதிரெதிராகச் சுற்றப்பட்டிருப்பதால், இரண்டு வொலியூம்களும் முழுமையாகத் திறந்திருக்கும்போது உறுமல் அடங்கும். ஒன்றைச் சற்றுக் குறைத்தாலும் திரும்ப வரும். இது பழுதல்ல, அதன் இயல்பு. இரண்டையும் முழுமையாகத் திறந்தும் உறுமல் குறையவில்லை, ஆனால் நாதம் கனமாகவே இருக்கிறது என்றால், யாரோ ஒரு பிக்கப்பை வேறொரு கருவியிலிருந்து எடுத்துப் போட்டிருக்கக்கூடும். இரண்டையும் திறந்ததும் உறுமல் கூடி, நாதமும் அடிவயிறு இல்லாததுபோல் ஒல்லியாகிவிட்டால், ஒரு பிக்கப்பின் இரண்டு வயர்களும் இடம் மாறியுள்ளன. ஒன்றின் வயர்களை மட்டும் மாற்றிப் பற்றவைத்தால் இரு குறைகளும் ஒருங்கே நீங்கும்.

சுருள் உயிரோடு இருக்கிறதா என்பதையும் மூடியைத் திறக்காமல் அளக்கலாம். குமிழ்களை முழுமையாகத் திறந்து, கேபிளின் மறு முனையில் பிளக்கின் நுனிக்கும் தண்டுக்கும் இடையே ஓம் பாருங்கள். பிரிசிஷன் வகையில் 10 கிலோஓம் அளவிலும், ஜாஸ் வகையில் இரண்டு பிக்கப்களும் சேர்ந்து 3.5 முதல் 4 கிலோஓம் அளவிலும் காட்டினால் நல்லது. மின்கலம் உள்ள கருவியில் இந்த அளவுக்குப் பொருள் இல்லை.

பிக்கப்பின் வெளியே தெரியும் காந்தக் குற்றிகளை விரலால் தொடும்போது மட்டும் ‘கிர்ர்’ என்று கேட்கும் கருவிகளும் உண்டு. அந்தக் குற்றிகள் எர்த்தோடு இணைக்கப்படாமல், கம்பிச் சுருள் அவற்றின் மீதே சுற்றப்பட்டிருப்பதுதான் காரணம். பெருவிரலைப் பிக்கப்பின் ஓரத்தில் ஊன்றி வாசிக்கப் பழகிக்கொள்வது, அதைப் பிரித்து வேலை செய்வதைவிடப் புத்திசாலித்தனம். மயிரைவிட மெல்லிய அந்தக் கம்பி ஒருமுறை அறுந்தால் முழுச் சுருளையும் மீண்டும் சுற்றவேண்டிவரும்.

ஈரமும் கரகரப்பும்

குமிழைத் திருப்பும்போது வரும் கரகரப்புக்கு, எங்கள் பகுதியில் பனியும் ஈரமுமே பெரிய காரணம். குளிர்ந்த அறையில் கிடந்த கருவியை, ஆட்கள் நிறைந்து சூடேறிய மண்டபத்துக்குள் கொண்டுபோய் உடனே உறையைத் திறந்தால், உலோகப் பாகங்களில் நீர் பூக்கும். உறைக்குள்ளேயே கால் மணி நேரம் விட்டுவிட்டுத் திறப்பது நல்லது. குமிழின் அடியில் உள்ள பொட் என்னும் பாகத்தில், மூன்று கால்களுக்கு மேலே ஒரு சிறு இடைவெளி தெரியும். அதற்குள் துப்புரவு ஸ்பிரேயை ஒரே ஒரு முறை செலுத்தி, குமிழை முப்பது முறை முழுமையாகத் திருப்புங்கள். துருப்பிடித்த ஆணிக்கும் சைக்கிள் சங்கிலிக்கும் அடிக்கும் எண்ணெயை இதற்குப் பயன்படுத்தக்கூடாது, அது தூசியைப் பிடித்துவைத்துச் சில மாதங்களில் நிலைமையை மோசமாக்கும். இரண்டு முறை செய்தும் தீராவிட்டால் பொட்டை மாற்றுங்கள். பாஸிவ் கருவிகளில் பெரும்பாலும் 250 கிலோஓம். ஆனாலும் பழையதன் முதுகில் எழுதியிருப்பதைப் பார்த்தே வாங்கவேண்டும்.

ஜாக்கைப் பொறுத்தவரை, வெளி நட்டு தளர்ந்து முழு ஜாக்கும் சுழன்று, உள்ளே வயர் முறுகி அறுவதே வழக்கமான கதை. உள்ளிருந்து ஜாக்கைப் பிடித்துக்கொண்டுதான் நட்டை இறுக்கவேண்டும். வளைந்த தொடுதகடு பிளக்கின் நுனியை இறுகப் பற்றாவிட்டால், அதைச் சற்று உள்நோக்கி வளைத்துவிடலாம். பச்சை பூத்திருந்தால் புதிய ஜாக் போடுவதே மேல், அது விலை குறைந்த பொருள்.

ஈயம் வைக்கும்போது ஒரு கவனம் தேவை. மங்கலாக, மணல் மணலாகத் தெரியும் பற்று உள்ளே ஒட்டாமல் மேலே மட்டும் ஒட்டியிருக்கும். நுவரெலியாவில் நகரத்துக்கு மேலே நிற்கும் பீதுருதாலகாலை போன்ற உச்சிகளில் ஒலிபரப்புக் கோபுரங்கள் இருக்கின்றன. இத்தகைய அரைகுறைப் பற்றும் களிம்பு பிடித்த தொடுமுனையும் சில வேளைகளில் வானொலி அலையிலிருந்து ஒலியைப் பிரித்தெடுக்கும் டிடெக்டர்போல வேலை செய்து, வானொலிப் பேச்சையே ஸ்பீக்கரில் கேட்கச் செய்துவிடும். பொட்டின் முதுகில் எர்த் வயரைப் பற்றவைக்குமுன் அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, முதலில் உலோகத்தைச் சூடாக்கி, பிறகு ஈயத்தைத் தொடுங்கள். ஈயம் தண்ணீர்போலப் பரவி மினுங்கவேண்டும். நான்கைந்து விநாடிக்கு மேல் அயனை வைத்திருந்தால் உள்ளே உள்ள கார்பன் தடம் கருகும். யன்னலைத் திறந்துவைத்து வேலை செய்யுங்கள். முடிந்ததும் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள்.

மின்கலம் உள்ள கருவிகள்

ஆக்டிவ் வகையில் சீறல் சிறிதளவு இருப்பது இயல்பு. ட்ரெபிள் குமிழை நடுநிலையில் வைத்து, கருவியின் வொலியூமைக் கூட்டி, அம்ப்ளிஃபயரின் கெயினை (உள்ளே வரும் சிக்னலைப் பெருக்கும் அளவை) குறைத்தால் அது பெரும்பாலும் அடங்கும். நாதம் உடைந்து கரகரத்தால் முதலில் 9 வோல்ட் பெட்டரியை அளங்கள். 8 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் மாற்றிவிடுங்கள். கேபிள் ஜாக்கில் செருகியிருக்கும்வரை பெட்டரி கரைந்துகொண்டே இருக்கும், ஏனென்றால் அந்த ஜாக்கின் மூன்றாவது தொடுதகடே அதற்கு சுவிட்ச். பழுது பார்த்தவர் அறியாமல் இரண்டு தொடுதகடுள்ள சாதாரண ஜாக்கைப் போட்டிருந்தால், கருவி ஒன்றில் வேலை செய்யாது, அல்லது பெட்டரி ஓய்வே இல்லாமல் தீரும். புதிய பெட்டரி போட்டும் குமிழ் திருப்பும்போது கரகரத்தால், உள் சர்க்யூட்டின் கப்பாசிட்டர் ஒன்று டிசி மின்னழுத்தத்தைப் பொட்டுக்குக் கசியவிடுகிறது என்று சந்தேகிக்கலாம். அதை ஸ்பிரேயால் தீர்க்க முடியாது.

செப்புத் தாள் ஒட்டுவது

தொட்டால் குறையும் இரைச்சலுக்கே இது மருந்து என்பதை மறுபடியும் சொல்கிறேன். பொட்கள் இருக்கும் குழி, பிக்கப் இருக்கும் குழி, மூடியின் உட்பக்கம் ஆகிய மூன்றையும் செப்பு டேப்பால் போர்த்தி, அவை அனைத்தையும் ஒன்றோடொன்றும் எர்த்தோடும் இணைக்கவேண்டும். டேப்பின் பசை மின்சாரத்தைக் கடத்தாத வகையாக இருந்தால், துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருந்தும் மின்தொடர்பு இருக்காது. ஒவ்வொரு சேர்க்கையிலும் ஒரு துளி ஈயம் வைத்து, குழியின் இரு கோடிகளுக்கும் இடையே மீட்டரால் பாருங்கள். ஒரு ஓமுக்குள் இருக்கவேண்டும். சமையலறை அலுமினியத் தாளில் ஈயம் ஒட்டாது. மூடியின் அடியில் அழுத்தித் தொடும்படி வைக்கத்தான் அது உதவும். தேயிலைப் பொதிகளின் வெள்ளிநிறத் தாளை ஒட்டிப் பார்த்த ஒரு தம்பியும் உண்டு. அவருடைய முயற்சியை நான் மதிக்கிறேன், ஆனால் அந்தத் தாளின் மேல் பிளாஸ்டிக் படலம் இருந்ததால் மீட்டர் அசையவே இல்லை.

ஒரு சிறு பொறி இங்கே காத்திருக்கிறது. ஜாக் இருக்கும் இடம் குறுகலானது. பிளக் செருகாதபோது எல்லாம் சரியாகவே தெரியும். பிளக்கைச் செருகியதும் நுனியைப் பிடிக்கும் தொடுதகடு இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெளிப்பக்கம் விலகி, பளபளக்கும் செப்புச் சுவரைத் தொட்டு, ஒலி முழுவதும் அறுந்துபோகும். அந்தச் சுவரில் மட்டும் செப்பின்மேல் இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டிவிடுங்கள். மூடியைப் பூட்டுமுன் கேபிளைச் செருகி ஒருமுறை மீட்டிப் பார்ப்பதும் இதற்காகத்தான்.

மேடையில் மட்டும் வரும் இரைச்சல்

வீட்டில் அமைதியாக இருந்த கருவி கோவில் திருவிழா மேடையில் உறுமினால் கருவியைக் குறைசொல்லக்கூடாது. வண்ணச் சீரியல் விளக்குகள், ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிமர்கள், மலிவான எல்ஈடி பல்புகள் எல்லாம் மேடைக்கு வரும் அதே லைனில் தொங்கினால் ‘கிர்ர்’ என்ற அரிப்பு வராமல் இருக்காது. ஏற்பாட்டாளர்களிடம் முன்கூட்டியே பேசி, இசைக்கு ஒரு லைனும் விளக்குக்கு இன்னொரு லைனும் கேளுங்கள். ஜெனரேட்டரில் வாசிக்கும்போது, புதிதாக ஒரு விளக்குச் சரத்தைப் போட்டவுடன் உறுமலின் சுதியே சற்று இறங்குவதைக் கேட்கலாம், ஏனென்றால் பாரம் கூடும்போது எஞ்சின் வேகம் குறைகிறது. அந்த ஜெனரேட்டருக்கு எர்த் கம்பி நிலத்தில் அடிக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்க யாரும் கூச்சப்படவேண்டியதில்லை.

பேஸ் அம்ப்ளிஃபயர் ஒரு சொக்கெட்டிலும், அதிலிருந்து வயர் போகும் மிக்சர் மண்டபத்தின் மறுகோடியில் வேறொரு சொக்கெட்டிலும் இருந்தால், இரண்டு எர்த்களுக்கும் இடையே ஒரு வளையம் உண்டாகி உறுமும். இரண்டுக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுங்கள், அல்லது எர்த்தைப் பிரிக்கும் சுவிட்ச் உள்ள டிஐ பெட்டியை (கருவியின் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றி அனுப்பும் சிறு பெட்டி) பயன்படுத்துங்கள். பிளக்கின் எர்த் காலை வெட்டி எறிந்தாலும் உறுமல் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் அடுத்த நாள் அதே பிளக்கோடு ஈரமான மேடையில் நிற்கப்போவது இன்னொருவராக இருக்கலாம்; அந்தக் காலை எந்தக் காரணத்துக்காகவும் வெட்டாதீர்கள்.

வேலை முடிந்ததும் மூடியின் உட்பக்கத்தில், செப்புத் தாளின்மேல் சிறு காகிதம் ஒட்டி, எந்தத் தேதியில் எந்த வயர், எந்தப் பொட் மாற்றப்பட்டது, பிரிட்ஜுக்கும் ஜாக்குக்கும் இடையே மீட்டர் எத்தனை ஓம் காட்டியது என்று பென்சிலால் எழுதிவையுங்கள். இந்தக் கருவி இன்னும் கை மாறும். அடுத்து அதைத் திறப்பவர் அந்த எண்ணைத் தன் மீட்டரோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்கலாம்.